அல்தேயா வளர்த்த குண்டுத்தேனீக்கள்

அல்தேயா ஒரு ஆலை வேலைக்காரி. இதைவிடப் பெரிய பட்டம் எதையும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் கோத்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். அவள் பிலியாஸ் மகன் தொஸிதேயின் மகள் அல்தேயா. என் அண்ணன் ரெஜானைக் கட்டியவள். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு என்பதால் எங்களுக்குள் அண்ணி கிண்ணி என்றெல்லாம் கிடையாது, "அடியே"தான். அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பதினேழு வயதில் இருவரும் ஒரே நாளில் நண்டு ஆலைக்குள் நுழைந்தோம். ஏப்ரல் கடைசியில் கடலில் பனிக்கட்டி விலகிப் படகுகள் கிளம்பினால், ஜூன் முடியும்வரை எங்களுக்கு ஞாயிறு திங்கள் எதுவும் கிடையாது. படகு கரைக்கு வந்ததும் ஃபோன் அடிக்கும். அடித்தால் போயாக வேண்டும். கூப்பிட்ட நாளில் வராதவள் பெயரை அடுத்த வருடப் பட்டியலில் தேட வேண்டியதில்லை. நான் நண்டுக் கால்களைப் பிரித்துத் தட்டில் அடுக்குகிறவள். அவள் நண்டு வேகும் தொட்டிக்குப் பக்கத்தில். அந்த ஆவியை முப்பது வருடம் குடித்தாள். முதலில் மே மாதம் வந்து ஜூலையில் போய்விடுகிற இருமல்தான். அடுத்த வருடம் இருமலோடு இழுப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த வருடம் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் சொன்னதை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"நண்டு ஆவி உங்க நுரையீரலுக்கு ஆகலை. ஆலையை விட்டுடுங்கன்னார். விட்டுட்டு என்ன பண்றதுன்னு கேட்டேன். காகிதத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தார் பாவம்."

ஆலையில் அவளைத் தொட்டிப் பக்கத்திலிருந்து மாற்றி, மேஜையில் எனக்கு எதிரே நிற்கவைத்தார்கள். ஆவி அங்கேயும் வரும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ட்ரகாடி ஊருக்குப் போகும் சாலையில் இருக்கிற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கூண்டு கழுவ ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. என்ன கூண்டு என்று கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். உள்ளே இருந்தவை குண்டுத்தேனீக்கள். தேன் வியாபாரத் தேனீ இல்லை; உடம்பெல்லாம் மயிரோடு, கட்டைவிரல் நகம் அளவுக்கு, பார்த்தால் பிடித்துக் கொஞ்சலாம் போல இருக்குமே, அது. அதிலும் மஞ்சள் பட்டை போட்ட ஒரு இனம். நாங்கள் சிறுமிகளாகப் ப்ளூபெர்ரி பறிக்கப் போன காலத்தில் காதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கையால் தட்டிவிடுவோம். எப்போது குறைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அதில் ராணிகளை அங்கொன்று இங்கொன்றாகப் பிடித்து, அறைக்குள் வைத்துக் குடும்பம் பெருக்கி, திரும்ப வெளியே விடுவது அந்த நிலையத்தின் திட்டம். திட்டத்தை நடத்தியவர் துகே என்ற இளைஞர். படித்தவர், மரியாதையானவர், எதையும் கையால் தொடத் தெரியாதவர்.

கூண்டு கழுவப் போனவள் ஆறே மாதத்தில் ராணியை முட்டை போட வைக்கிற ஆளாகிவிட்டாள். அந்தக் கைப்பக்குவம் அவளுக்கு வாய்த்திருந்தது. குளிர்பதனப் பெட்டியில் தூங்கும் ராணியை மார்ச்சில் எடுத்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டியில் வைத்து, ஒரு உருண்டை மகரந்தம், ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், தனிமை தெரியாமலிருக்க வேறு கூட்டிலிருந்து எடுத்த ஒரு கூட்டுப்புழு. அறை எப்போதும் ஜூலை மாத வெப்பத்தில் இருக்கும். விளக்கு சிவப்பு மட்டும்தான், ஏனென்றால் சிவப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை என்னை உள்ளே கூட்டிப்போனாள். நான் குனிந்து பார்த்ததும் பெட்டி முழுவதும் உறுமியது.

"மூச்சு விடாதடி!" என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள். "மூச்சுக்காத்து அதுங்க மேல படக்கூடாது. பட்டா கரடி வந்து கூட்டை நோண்டுதுன்னு நினைச்சுக்கும்."

"உனக்கு இருக்கிற மூச்சே பத்தலை. அதையும் இங்க வந்து அடக்கணுமா?"

"இந்த அறையிலதான்டி நல்லா வருது. அடக்கறதுக்குன்னு கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அது உண்மை. குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்துவிட்டு வந்தால் அவள் முகத்தில் ரத்தம் ஓடும். ஏப்ரல் வந்தால் போச்சு. நிலையத்தில் அரை நாள் வேலைதான் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஆலையை விட முடியாது. காலையில் ராணிகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மத்தியானம் ஆலைக்கு வந்து என் எதிரே நின்று இருமுவாள்.

முதல் வருடம் ராணிகள் தூக்கத்திலேயே பூஞ்சை பிடித்துச் செத்தன. இரண்டாவது வருடம் ஒரு ராணி பிழைத்தது, பிழைத்து என்ன, கூட்டு வேலை எதுவும் செய்யாத ஆண்களாகப் பெற்றுத் தள்ளியது. மூன்றாவது வருடம்தான் நிஜமாகவே ஒரு கூடு நின்றது. ஐம்பது தேனீக்கள். எங்கள் ஊர் விவசாயி எவாரிஸ்தின் ப்ளூபெர்ரி வயலோரம் கொண்டுபோய் வைத்து, மழையில் பசிக்கக் கூடாது என்று பெட்டிக்கு அடியில் சர்க்கரைத் தண்ணீர்ப் பையையும் வைத்தார்கள். ஐம்பதும் வெளியே எட்டிப் பார்த்தன. குளிர் காற்று அடித்தது. திரும்ப உள்ளே போய்ப் பையில் வாயை வைத்தவைதான். சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும்போது எந்தப் பைத்தியக்காரி மூடுபனியில் பூத் தேடிப் போவாள்? ஆனால் தண்ணீரில் மகரந்தம் இல்லை. மகரந்தம் இல்லாமல் குஞ்சு வளராது. ஜூலைக்குள் கூடு கிழடு தட்டி ஓய்ந்துவிட்டது.

நான்காவது வருடம் துகே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாராம்.

"அல்தேயா அம்மா, மேலிடத்துல பொறுமை போயிடுச்சு. இந்த வருஷம் ஒரே ஒரு கூடு வெளியில பிழைச்சு, ஆகஸ்ட்ல புது ராணிங்களைப் பறக்க விட்டாப் போதும். அறையை நிரந்தரமா நடத்தலாம், உங்களுக்கு வருஷம் பூரா முழு வேலை. இல்லேன்னா மூடிடுவாங்க."

முழு வேலை என்றால் அவள் இனி நண்டு ஆலைப் படியை மிதிக்க வேண்டாம். வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. ரெஜான் அப்போது கடலில் இருந்தான். என்னிடம்தான் வந்து சொன்னாள். சந்தோஷமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னாள். "ஒரு கூடு, யோலாந்த். ஒண்ணே ஒண்ணு."

ஜூன் முதல் வாரத்தில் அந்த ஒரு கூட்டை எவாரிஸ்தின் வயலோரம் வைத்தோம். கரடிக்காகச் சுற்றிலும் மின்கம்பி. இந்தத் தடவை அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். சர்க்கரைத் தண்ணீரை நாளுக்கு நாள் குறைத்து, பத்தாம் நாள் பையையே எடுத்துவிடுவது. துகேவுக்கு அது பிடிக்கவில்லை. பட்டினி கிடந்து செத்தால் என்ன செய்வது என்றார். "வெளியே போகலேன்னாலும் சாகத்தான் போகுது. உங்க கணக்குல அது கொஞ்சம் மெதுவா" என்று இவள் சொல்லிவிட்டாள். கடைசியில் அவர், "சரி, உங்க பொறுப்பு" என்றார்.

எனக்கு அப்போது தோள்பட்டை நழுவி, ஒரு கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டு வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பொழுது போகாமல் அவளோடு வயலுக்குப் போய்வந்தேன். ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன். கூண்டில் பிறந்ததுகளுக்கு வெளியே எதுவும் தெரியாது. சூரியனைத் தெரியாது, காற்றைத் தெரியாது, வீடு ஒரு இடத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. முதல் நாள் வெளியே வந்தவை பூவைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தன. கதவுக்கு முகத்தைக் காட்டியபடியே பின்பக்கமாகப் பறந்து, இப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு வளைவு. பயந்துகொண்டு உடனே உள்ளே. மறுபடி வந்து இன்னும் கொஞ்சம் பெரிய வளைவு.

"என்னடி பண்ணுது?"

"அடையாளம் பாக்குது. இந்தக் கல், அந்தப் புதர், இந்த வாளின்னு மனசுல எழுதிக்குது. பெட்டியைப் பத்தடி தள்ளி வெச்சா போதும், திரும்பி வந்து வெறும் இடத்தையே சுத்திக்கிட்டு நிக்கும்."

இரண்டாம் நாள் ஒன்று எவாரிஸ்தின் நீலத் தொப்பியில் உட்கார்ந்து தேன் தேடியது. வயலே பூத்துக் கிடக்கிறது, இது தொப்பியில் தேடுகிறது. எவாரிஸ்த் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டு, "அல்தேயா, உன் பொண்ணுக்கு என் மேல ஆசை வந்துடுச்சு, என் பொண்டாட்டிகிட்ட நீயே வந்து சொல்லிடு" என்றார்.

"அவ சந்தோஷப்படுவா, எவாரிஸ்த். யாராவது கூட்டிட்டுப் போனா சரின்னு இருக்கா" என்றேன் நான்.

ப்ளூபெர்ரிப் பூ கவிழ்த்த மணி மாதிரி இருக்கும். அடியில் தொங்கி, உடம்பை உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். இவை மணியின் மேலே ஏறி நின்று, கதவு எங்கே என்று தெரியாமல் சுற்றின. வழுக்கி விழுந்தன. மூன்றாம் நாள் மழை. மழை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டு, புல்லில் நனைந்து விறைத்துக் கிடந்தவற்றை அல்தேயா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு, மூச்சுப் படாமல், இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றினாள். எட்டில் ஆறு எழுந்தன. முந்தின நாள் பதினொரு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்தவள்.

ஆறாம் நாள் ஒன்று கற்றுக்கொண்டது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பூவின் அடியில் தொங்கி, ரீங் என்று ஒரு சத்தம் போட்டது. அல்தேயா என் நல்ல கையைப் பிடித்து நெறித்தாள். மறுநாள் நாலைந்து, அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. மேகம் கறுத்தால் வீடு வந்தன. தூரத்தில் மாட்டிக்கொண்டவை பெட்டிக்கு ஓடி வராமல், பூவின் அடியிலேயே இரவைக் கழித்துவிட்டு வெயில் வந்ததும் மகரந்த மூட்டையோடு வந்தன. அதைப் பார்த்துத்தான் அவள் உட்கார்ந்து அழுதாள். "வெளியே படுக்கக் கத்துக்கிச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பத்தாம் நாள் சர்க்கரைத் தண்ணீர்ப் பையை எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், எவாரிஸ்த் ஃபோன் பண்ணினார். பூவில் நோய் தெரிகிறது, அன்று சாயங்காலம் மருந்து அடிக்கப் போகிறார். மருந்து அடிக்கும்போது பெட்டியை மூடி வைத்து, மறுநாள் காலையில் மருந்து காய்ந்ததும் திறக்க வேண்டும். அல்தேயா சாயங்காலம் போய் மூடிவிட்டு வந்தாள். வந்து காலணியைக் கழற்றக்கூட இல்லை, ஆலையிலிருந்து அழைப்பு. மூன்று படகு ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது, விடியற்காலையிலிருந்து இரட்டை ஷிஃப்ட்.

என் சமையலறைக்கு வந்தாள். நான் கொடுத்த, மொலாஸஸ் பாகு போட்டுச் சுட்ட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில நீ போய்த் திறந்து விடறியா? ஒம்பது மணிக்கு. கதவுல ஒரு தகடு இருக்கு, அதை இழுக்கணும், முழுசா..."

"கதவைத் திறக்க எனக்கு வகுப்பு எடுக்கப் போறியா? அம்பத்துநாலு வருஷமாத் திறந்துக்கிட்டுதான் இருக்கேன். போய்ப் படுடி, நிக்கவே முடியலை உன்னால."

"அதுக்கில்ல, அந்தத் தகடு..."

"போடி!"

போனாள்.

புதன்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு நின்றேன். நேரம் தவறினாள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. வெயில் சுளீரென்று அடித்தது. பெட்டிக் கதவில் அந்தப் பிளாஸ்டிக் தகடு பனியில் இறுகிப் போயிருந்தது. ஒரு கையால் இழுத்தேன். 'டக்' என்று சொடுக்கி நின்றது. ஓட்டை தெரிந்தது. தோள் வலித்தது. அந்த நேரம் பார்த்து மூன்று குண்டுத்தேனீக்கள், ராத்திரி பூவடியில் படுத்தவை, காலில் மஞ்சள் மூட்டையோடு வந்து என் கண் முன்னால் ஓட்டைக்குள் நுழைந்தன. "போங்கடி உள்ளே, உங்க அம்மா தேடுவா" என்று சொல்லிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன்.

சாயங்காலம் ஆலைச் சாப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"திறந்தியா?"

"திறந்தேன். உள்ள போச்சு, என் கண்ணால பார்த்தேன். கால்ல மூட்டை மூட்டையா மஞ்சள்."

"மூட்டையோடவா?" சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. "சரிடி. நாளைக்கும் இரட்டை ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை நான்தான் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினேன். அவள் ஓட்டினால் சாலையிலேயே தூங்கியிருப்பாள். மூன்று நாள் வெயிலில் வயல் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. எவாரிஸ்த் டிராக்டரில் இருந்தபடி கத்தினார்.

"என்ன அல்தேயா, உன் பொண்ணுங்களுக்கு ரெண்டு நாளா லீவா? ஒண்ணையும் காணோமே!"

அல்தேயாவின் நடை வேகமானது, பிறகு ஓடினாள். ஓடக் கூடாதவள். நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டி முன்னால் மண்டியிட்டு, தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். தகட்டைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு 'டக்' கேட்டது.

அந்தத் தகட்டுக்கு இரண்டு சொடுக்கு. முதல் சொடுக்கில் உள்ளே வருகிற வழி மட்டும் திறக்கும். மருந்தடிக்கும் முன் வெளியே இருப்பவை வீடு திரும்பட்டும், புதிதாக ஒன்றும் போகாமல் இருக்கட்டும் என்பதற்காக. இரண்டாவது சொடுக்கில்தான் வெளியே போகும் வழி. அன்று சமையலறையில் அவள் சொல்ல வந்தது இதுதான்.

இரண்டாவது சொடுக்குக்குப் பிறகும் எதுவும் வெளியே வரவில்லை. மூடியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தகட்டின் ஓரத்தைக் கடித்துக் கடித்துப் பார்த்த தடம் இருந்தது. மெழுகுக் கிண்ணங்கள் எல்லாம் நக்கித் துடைத்த வெறுமை. சர்க்கரைத் தண்ணீர்ப் பை இருந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்கும். அது இருந்த இடம் காலி. ராணி மட்டும் குஞ்சுகளின் மேல் வயிற்றை அழுத்திப் படுத்தபடி ஒரு காலை அசைத்தது. அல்தேயா பையிலிருந்து சர்க்கரைத் தண்ணீரை எடுத்து விரல் நுனியில் தொட்டு நீட்டினாள். ஒரே ஒரு தடவை நாக்கை நீட்டியது. அவ்வளவுதான்.

குவியலிலிருந்து மூன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். அவற்றின் காலில் மஞ்சள் மூட்டை அப்படியே இருந்தது.

"வெளியில படுக்கக் கத்துக்கிட்டதுங்க" என்றாள். "வீட்டுக்கு வந்து செத்திருக்கு."

மத்தியானம் துகே வந்தார். பெட்டியைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பிரித்தார்.

"கதவை யார் திறந்தது?"

"நான்தான்" என்றாள் அல்தேயா. "புதன்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. தூக்கக் கலக்கம். ஒரு சொடுக்கோட விட்டுட்டேன்."

"தண்ணிப் பையையும் நீங்கதான்..."

"அதுவும் நான்தான்."

நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயந்து ஆட்கள் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். ஆலை மேலாளரையே நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டவள் நான். அன்று என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வெளி ஆளிடம் கதவை ஒப்படைத்தாள் என்று தெரிந்தால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பேசவில்லை.

செப்டம்பரில் அறையை மூடினார்கள். சிவப்பு விளக்குகளைக் கழற்றிவிட்டு அங்கே உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. குளிர்காலம் முழுவதும் அவள் என் வீட்டுக்கு வந்தாள், கோழிக் குழம்பு வைத்தால் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்பினாள், ரெஜானின் பல்வலியைப் பற்றிப் பேசினாள். தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டோம்.

இப்போது மே மாதம் நடக்கிறது. மறுபடி அவள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நேற்று என்னால் முடியவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டேன்.

"அவர்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாம்லடி. ஏன் சொல்லலை?"

அவள் பாக்கெட்டிலிருந்து இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நீ ஃபோன்ல 'உள்ள போச்சு'ன்னு சொன்னே. வெளியே வந்துச்சான்னு நான் கேட்டிருக்கணும். நாலு வருஷமா அந்த ஒரு கேள்விதான்டி என் வேலையே, வெளியே வந்துச்சா, வெளியே வந்துச்சான்னு. அன்னிக்குத் தூக்கம் வந்துச்சு. கேக்காம வெச்சுட்டேன்."

"தப்பு பண்ணது நான்..."

"ஆமா, நீதான். இல்லேன்னு யார் சொன்னா? தட்டைத் தள்ளு, எல்லாம் நிக்குது பாரு."

தள்ளினேன். தொட்டிப் பக்கமிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இயந்திரச் சத்தத்தையும் மீறி அவள் நெஞ்சு இழுப்பது எனக்குக் கேட்கிறது, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்பதில்லை. நண்டுப் பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.